காரில் பெட்ரோல் வாசனையா? எந்த டியூப் எதற்கு எனத் தெரிந்து கழற்றுங்கள்!

வெயிலில் நிறுத்திய காருக்குப் பக்கத்தில் போனதும் பெட்ரோல் வாசனை குப்பென்று அடிக்கிறதா? 'டேங்க் ஃபுல்லா இருக்கு, அதான்' என்று விட்டுவிடாதீர்கள். எங்கோ டியூப் விரிசல் விட்டிருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால், வரிசை தப்பினால் ஆபத்து.

இரண்டு வகை டியூப்கள்

டேங்க்கிலிருந்து இரண்டு வகை டியூப்கள் இன்ஜின் பக்கம் போகும். ஒன்றில் பெட்ரோலே போகும். இன்ஜெக்‌ஷன் கார்களில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். இது கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட அதிகம். இன்ஜினை அணைத்த பிறகும் இந்த அழுத்தம் உடனே இறங்காது. அப்படியே கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

இன்னொன்றில் வெறும் ஆவி மட்டும் போகும். டேங்க்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவியை, கரி நிரப்பிய 'கேனிஸ்டர்' என்ற டப்பா பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது, இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். இந்த டப்பா பி.எஸ்-6 பைக், ஸ்கூட்டர்களிலும் உண்டு.

கழற்றும் முன்...

* இன்ஜின் நன்றாக ஆறட்டும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. தரையோடு தவழ்ந்துபோய், தூரத்தில் இருக்கும் பூஜை விளக்கில்கூட பற்றும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

* பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். டியூப்பில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாகவே நின்றுவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்.

* டேங்க் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் அழுத்தத்தை விடுங்கள்.

* இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்து மெதுவாகக் கழற்றுங்கள். எந்த டியூப் எங்கே என்று டேப் ஒட்டி எழுதுங்கள். திறந்த முனைகளை உடனே அடையுங்கள்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் மற்றும் டீசல் கார்களில் அழுத்தம் பல மடங்கு அதிகம். அவற்றில் கைவைக்கவே வேண்டாம்.

இந்தத் தவறு வேண்டாம்!

'கேனிஸ்டரைத் தூக்கிட்டா மைலேஜ் கூடும்' என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். இன்ஜின் பக்க முனையைத் திறந்துவிட்டால் வெளிக்காற்று புகுந்து ஐடிலிங் ஏறி இறங்கும். எச்சரிக்கை விளக்கு எரியும். டேங்க் பக்க முனையை அடைத்தால் டேங்க் மூச்சுவிட முடியாது. ஓடும்போதே இன்ஜின் திணறும். திறந்தே விட்டால் ஆவி முழுக்க உங்கள் போர்ட்டிகோவில்தான் சேரும்.

அதேபோல, தண்ணீர் டியூப்பை வெட்டி மாட்டுவதும் கூடாது. பெட்ரோலில் ஊறி வெடித்துவிடும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், 'இ20-க்குத் தாங்குமா?' என்று கேட்டு வாங்குங்கள். கிளாம்ப்பும் புதிதாகவே இருக்கட்டும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்யுங்கள். இணைப்புகளில் ஈரம் தெரியாவிட்டால் மட்டும் ஸ்டார்ட் செய்யலாம். இதில் எந்த இடத்திலாவது சந்தேகம் வந்தாலும், மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

கடைசியாக ஒன்று: பங்க்கில் பம்ப் 'டக்' என்று நின்ற பிறகும், 'ரவுண்டா போட்டுடுங்க' என்று கேட்காதீர்கள். வழியும் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போனால், அதில் இருக்கும் கரி வீணாகும். பெட்ரோல் வாசனைப் புகார்கள் பலவும் தவிர்க்கக் கூடியவைதான். அதற்கு முதல் படி இதுவே!