பாவித்த ஆடையும் இணையவழி ஏலமும்: மலிவு யாருக்கு?

பாவித்த ஆடைகளை இணையவழி ஏலத்தில் வாங்குவது சிக்கனமானது, புத்திசாலித்தனமானது, சுற்றாடலுக்கும் நன்மை பயப்பது என்னும் கருத்து மேலைநாடுகளிலே, சிறப்பாகப் பிரித்தானியாவிலே, கால் நூற்றாண்டளவாக வேரூன்றியுள்ளது. 2022 ஒக்டோபரில் அந்நாட்டின் பணவீக்கம் 11.1 சதவீதத்தை எட்டியபோது இக்கருத்து வெறும் ஆலோசனை என்ற நிலையைக் கடந்து ஓர் ஒழுக்க விதியாகவே மாறிற்று. ஏலத்தில் ஐந்து பவுணுக்குக் கிடைப்பதை விட்டுக் கடையில் இருபது பவுண் கொடுக்கும் வறியவர், தமது வறுமைக்குத் தாமே காரணர் என்னும் தொனியில் உபதேசம் செய்வோர் பெருகினர். இவ்வுபதேசம் ஒரு காலத்து உண்மையை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அவ்வுண்மையைத் தாங்கி நின்ற நிலைமைகள் மறைந்து விட்டன. நிலைமைகள் மறைந்த பின்னரும் உபதேசம் மட்டும் எஞ்சி நிற்குமாயின், அதன் பயனை அடைவோர் யார் என்று வினவுவது அவசியமாகும்.

பிரித்தானியா ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவதற்குக் காரணங்கள் இரண்டு. பாவித்த ஆடை வணிகத்தின் வளர்ச்சியை நீண்ட வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்கத்தக்க நாடு அது என்பது ஒன்று. இலங்கையில் தைக்கப்படும் ஆடைகள் சென்றடையும் முக்கிய சந்தைகளுள் அதுவும் ஒன்று என்பது மற்றையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனிற் பாவித்த ஆடை என்பது வறியோரின் ஆடையாகவே இருந்தது. ஹென்றி மேஹ்யூ, இலண்டன் நகரின் உழைப்பாளரையும் வறியோரையும் பற்றி 1851இல் நூலுருவில் வெளியிட்ட ஆய்விலே, ஹவுன்ஸ்டிச் பகுதியில் இயங்கிய பழைய உடைச் சந்தையை விரிவாக விபரித்துள்ளார். அக்காலத்தில் ஒரு மேலங்கி அணியும் பொருளாக மட்டுமன்றி, தேவைப்படும்போது பணமாக மாற்றக்கூடிய சேமிப்பாகவும் விளங்கிற்று. அடகு வைத்த மேலங்கிகளை மீட்க வழியின்மையால் வீட்டைவிட்டு வெளிச்செல்ல முடியாதிருப்பதாகக் கார்ல் மார்க்ஸ் 1852 பெப்ரவரி 27ஆந் திகதி எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்திற் குறிப்பிட்டுள்ளார். பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்திலே பண்டத்தின் பெறுமதியை விளக்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இருபது யார் லினன் துணியும் ஒரு மேலங்கியுமே என்பது மனங்கொள்ளத்தக்கது. குளிரைத் தடுப்பது மேலங்கியின் பயன்பெறுமதி; அடகுக்கடையிற் கிடைக்கும் பணம் அதன் பரிமாற்றப் பெறுமதியின் வெளிப்பாடு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை மார்க்ஸ் நூல்களிலிருந்து மாத்திரம் அறிந்தவரல்லர்.

அன்றைய பழைய உடைச் சந்தை வறியோருக்குப் பயன்பட்டமைக்கு இரண்டு நிலைமைகள் காரணமாயிருந்தன. ஆடை நீடித்து உழைத்தது. இருவர் மூவர் கைமாறிய பின்னரும் அதில் உயிர் இருந்தது. வாங்குபவர் அதனைக் கையால் தொட்டு, தையலை இழுத்துப் பார்த்து, தோளில் இட்டுப் பார்த்து வாங்கினார். இவ்விரு நிலைமைகளையும் நினைவிற் கொண்டே இன்றைய ஏலத்தை மதிப்பிடல் வேண்டும்.

1995இல் அமெரிக்காவிலே பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கிய ஏலத்தளம் பின்னர் ஈபே என்னும் பெயரில் உலகெங்கும் பரந்தது. 1999இற் பிரித்தானியாவிலும் நிலைகொண்டது. அதன் தொடக்க ஆண்டுகளில் ஆடைகள் உண்மையிலேயே மலிவாகக் கிடைத்தன. வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கிய ஒருவர், தம்மிடமிருந்த பொருளின் சந்தை விலையை அறியாமல் அதனை ஏலத்தில் இட்டார். கேட்போரும் சிலராகவே இருந்தனர். ஆகவே மலிவு என்பது ஏலம் என்ற முறையின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. விற்பவரின் அறியாமையிலிருந்தும் வாங்குபவரின் அருமையிலிருந்தும் பிறந்த தற்காலிக விளைவே அது. இதனை உணராதோர், தற்காலிகமானதை நிரந்தரமானதென மயங்கினர்.

ஏலத்தின் இயல்பு யாது? ஒரு பொருளை அதிகம் விரும்புபவரைக் கண்டுபிடித்து, அவரிடமிருந்து இயன்றளவு கூடிய விலையைப் பெறுவதே எந்த ஏலத்தினதும் நோக்கமாகும். ஈபேயிற் கேட்பவர் தாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையைப் பதிவுசெய்ய, அடுத்த உச்ச விலையினும் சிறிதளவு கூடிய தொகைக்குப் பொருள் அவருக்குக் கிடைக்கின்றது. 1961இல் வில்லியம் விக்ரி என்னும் பொருளியலாளர் ஆராய்ந்த இரண்டாம் விலை ஏலத்தை இது பெரிதும் ஒத்தது. கேட்பவர் தம் உண்மையான மதிப்பைப் பதிந்துவிட்டு அமைதியாயிருக்கலாம் என்பது கோட்பாடு. நடைமுறையோ வேறு. ஏலம் குறித்த நேரத்தில் முடிவதால் இறுதி விநாடிகளிலே கேட்பது வழக்கமாயிற்று. அல்வின் ரொத், அக்செல் ஒக்கன்பெல்ஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனை நிறுவியது. தொழிலுக்குச் செல்லும் தாய் இரவிற் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதும் ஒரு செலவே. அச்செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

இதனினும் முக்கியமான வேறோர் ஆய்வும் உண்டு. யங் ஹான் லீ, உல்ரிக்கே மல்மெண்டியர் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அதே இணையப் பக்கத்தில் அதே பொருள் நிலையான விலைக்குக் கிடைத்துக்கொண்டிருக்கையில், ஏலத்திற் கேட்டவர்கள் அதனினும் கூடிய விலையைக் கொடுத்தமை கண்டறியப்பட்டது. விளையாட்டுப் பொருளொன்றின் ஏலங்களில் 42 சதவீதத்தில் இவ்வாறு நிகழ்ந்தது. பலவகைப் பொருள்களை உள்ளடக்கிய தொகுதியில் இது 48 சதவீதமாக இருந்தது. இவ்வாய்வு ஆடையைப் பற்றியதன்று. எனினும் ஒரே மாதிரியான பொருளிலேயே மக்கள் இவ்வாறு ஏமாறுவாராயின், ஒன்றுபோல் மற்றொன்று இராத பாவித்த ஆடையில், ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோலே அற்ற நிலையில், எவ்வளவு ஏமாறுவர்? ஏலத்தில் வாங்கியவரை ‘வென்றவர்’ என அழைக்கும் வழக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். கடையிற் சட்டை வாங்குபவரை எவரும் வென்றவர் என்பதில்லை.

அடுத்து, விலைக்கு மேலாகச் செலுத்தப்படுவனவற்றை நோக்குவோம். லித்துவேனியாவில் 2008இல் தோன்றிய வின்டெட் என்னும் நிறுவனம் விற்பவரிடம் கட்டணம் அறவிடாது, வாங்குபவரிடம் அறவிடும் முறையைப் பரப்பியது. ஈபேயும் அவ்வழி சென்றது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரலில் ஆடை விற்கும் தனியாட்களுக்கும், ஒக்டோபரிற் பிற பொருள்களிற் பெரும்பாலானவற்றை விற்கும் தனியாட்களுக்கும் விற்பனைக் கட்டணத்தை அது நீக்கியது. 2025 பெப்ரவரியில் ‘பாதுகாப்புக் கட்டணம்’ என்ற பெயரில் வாங்குபவர்மீது சுமை ஏற்றப்பட்டது. அறிமுகமானபோது அது ஒரு பொருளுக்கு 75 பென்சும், 300 பவுண் வரையான விலையில் 4 சதவீதமுமாக இருந்தது. ஐம்பது பவுண் பெறுமதியான மேலங்கிக்கு இக்கட்டணம் 2 பவுண் 75 பென்ஸ், விலையில் 5.5 சதவீதம். ஐந்து பவுண் பெறுமதியான சட்டைக்கோ 95 பென்ஸ். விலையில் 19 சதவீதம். அறிமுகக் கட்டணப்படி மலிவான ஆடையை நாடியவரே விகிதாசாரத்தில் மும்மடங்குக்கு மேற் செலுத்தினார். கட்டண விதிகள் காலத்துக்குக் காலம் மாறலாம். ஆயின் ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான ஒரு தொகை அறவிடப்படும் வரையில் சுமை கீழ்நோக்கியே சரியும் என்பது எளிய கணக்கு.

தபாற் செலவும் இத்தகையதே. அது சட்டையின் விலையைப் பார்ப்பதில்லை. நிறையையும் அளவையும் மட்டுமே பார்க்கின்றது. மூன்று பவுண் தபாற் செலவு என்று கொண்டால், அறிமுகக் கட்டணப்படி ஐந்து பவுண் சட்டை வீடு வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ ஒன்பது பவுணாயிற்று. அளவு பொருந்தாவிடின் அவ்வொன்பது பவுணும் வீணே. ஏனெனில் தனியாளிடம் வாங்கியவர், பொருள் விபரித்தவாறே இருக்குமிடத்து, மனம் மாறியதற்காகவோ அளவு பொருந்தாமைக்காகவோ அதனைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உடையவரல்லர். ஹவுன்ஸ்டிச் சந்தையில் வறியவருக்கிருந்த தொட்டுப் பார்க்கும் உரிமை இங்கு இல்லை.

விற்பவரின் அறியாமையும் இன்று இல்லை. முன்னர் விற்ற பொருள்களின் விலைகளைத் தேடிப் பார்த்தே எவரும் தம் பொருளுக்கு விலை குறிக்கின்றனர். வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட இடைத்தரகர் ஒரு படையாக உருவாகியுள்ளனர். இவர்கள் தரும நிறுவனக் கடைகளிலே காலையில் நுழைந்து, நல்லனவற்றைப் பொறுக்கியெடுத்து, இணையத்தில் இரட்டிப்பு விலைக்கு இடுகின்றனர். ஒக்ஸ்பாம் 1947இல் ஒக்ஸ்போர்ட் நகரின் புரோட் வீதியில் கடை திறக்க முனைந்த காலத்திலிருந்து, இத்தகைய கடைகள் வறியோர் கண்ணியத்துடன் உடை வாங்கும் இடங்களாகவும் இருந்து வந்துள்ளன. இன்று தரும நிறுவனங்களே தமக்கு வரும் சிறந்த ஆடைகளைப் பிரித்தெடுத்து இணையத்தில் விற்கின்றன. கடைத்தெருவில் எஞ்சுவது கழிவு. இவ்வாறு ஏலம், தன்னுள் வராதவருடைய மலிவையும் பறித்துக்கொள்கின்றது. கணினியோ ஓய்வோ இல்லாத முதியவர் ஏலத்தில் ஒருபோதும் கேட்டிராவிடினும் அதற்கான விலையைச் செலுத்துகின்றார்.

அனைத்துக்கும் அடிப்படையான மாற்றம் துணியிலேயே நிகழ்ந்துள்ளது. எலன் மக்ஆதர் நிறுவனம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, பதினைந்து ஆண்டுகளில் உலக ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரட்டித்தது எனவும், ஓர் ஆடை அணியப்படும் தடவைகள் 36 சதவீதத்தால் குறைந்தன எனவும் கூறிற்று. சில தடவை அணிவதற்கென்றே தைக்கப்படும் ஆடைக்கு இரண்டாம் வாழ்வு எங்ஙனம் கிட்டும்? மெல்லிய செயற்கை இழைச் சட்டையொன்று ஏலத்துக்கு வரும்போது அதன் பயன்பெறுமதியிற் பெரும்பகுதி கழிந்துவிட்டது. ஆனால் வணிகப் பெயரின் கவர்ச்சியால் அதன் பரிமாற்றப் பெறுமதி தாழாது நிற்கின்றது. வாங்குபவர் செலுத்துவது உடுப்புக்கன்று, அதன் கழுத்துப்பட்டியில் உள்ள பெயருக்கே.

இவற்றை மறுப்போர் கூறுவனவற்றையும் நேர்மையுடன் நோக்குதல் தகும். பெருவணிகக் கடைகளின் புதிய மலிவுச் சட்டை இதனினும் மோசமானதே என்பர். அது மெய். ஏலம் குறைபாடுடையது என்பதனாற் புதிய குப்பை சிறந்ததாகிவிடாது. குழந்தை உடைகள் இன்னும் மலிவே என்பர். அதுவும் மெய். குழந்தை ஆடையைத் தேய்க்குமுன் வளர்ந்துவிடுகின்றது. பல உடைகளை ஒரே பொதியாக வாங்கும்போது நிலையான கட்டணமும் தபாற் செலவும் பலவற்றின்மீது பகிரப்படுகின்றன. நன்கு நெய்த கம்பளி ஆடையும் விதிவிலக்கே. ஹரிஸ் டுவீட் எனச் சட்டப்படி அழைக்கப்பட வேண்டுமாயின் அது வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளிலே தீவுவாசிகளின் வீடுகளிற் கையால் நெய்யப்பட வேண்டும் என 1993ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதிக்கின்றது. இத்தகைய மேற்சட்டை பல ஆண்டுகள் உழைக்கும். பாவித்ததாயினும் புதியதன் விலையிற் சிறுபகுதிக்குப் பெறுதலும் கூடும். ஆனால் இவ்விதிவிலக்குகள் உணர்த்துவது யாது? தேய்மானம் குறைவாக உள்ள இடத்திலேயே, துணியை அறிந்தவருக்கே, ஏலம் பயன்தருகின்றது. அறிவும் ஓய்வும் முன்பணமும் உடைய நடுத்தர வர்க்கத்தினரின் கையில் அது நல்ல கருவி. அதே கருவியை அவை மூன்றும் அற்றவருக்குப் பரிந்துரைத்து, பின்னர் அவர் பயனடையாமைக்கு அவரையே குறைகூறுவது அநீதியாகும்.

சுற்றாடல் பற்றிய வாதமும் அரைகுறையானதே. பாவித்த ஆடையை வாங்குதல், புதிய ஆடையொன்றை வாங்காது விடுவதற்கு ஈடாக அமைந்தாலன்றிப் பூமிக்கு நன்மையில்லை. பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கை, புதியதை மேன்மேலும் வாங்கத் தூண்டுமாயின், மறுவிற்பனை அதீத நுகர்வின் பகைவனன்று, அதன் துணைவனே.

இறுதியாக, ஆடையைத் தைத்த கை. 1978இற் கட்டுநாயக்கவில் முதலீட்டு ஊக்குவிப்பு வலயம் அமைக்கப்பட்ட காலத்திலிருந்து இலங்கையின் கிராமப்புறப் பெண்கள் பல்லாயிரவர் மேலைநாட்டுக் கடைகளுக்கு உடை தைத்து வருகின்றனர். அவ்வுடைகளுட் சில இன்று பிரித்தானிய ஏலங்களில் மறுபடியும் விலைபோகின்றன. ஒவ்வொரு மறுவிற்பனையிலும் தளத்துக்குப் பங்குண்டு, தரகருக்குப் பங்குண்டு, தபாலுக்குப் பங்குண்டு. உடையில் உறைந்துள்ள உழைப்பின் சொந்தக்காரிக்குப் பங்கேதும் இல்லை. அதுமட்டுமன்று. அவளது தையல் உறுதியாக இருந்தமையாலேயே அவ்வுடை இரண்டாம் முறையும் விலைபெறுகின்றது. முதல் விற்பனையில் குறைந்த கூலியாகவும், மறுவிற்பனையில் வெறுமையாகவும் அவளது உழைப்பு கணிக்கப்படுகின்றது.

ஆகவே இணையவழி ஏலத்திற் பாவித்த ஆடை வாங்குவது இன்னும் இலாபகரமானதா என்ற வினாவுக்குப் பொதுவான விடை கூறுவது தவறாகும். துணியை அறிந்தவருக்கும், காத்திருக்க வல்லவருக்கும், தளத்தை நடத்துபவருக்கும் அது இலாபகரமானது. எவர் பெயரால் அது போற்றப்படுகின்றதோ அந்த வறியவருக்கு அது பெரும்பாலும் அவ்வாறன்று. வறியவருக்குத் தேவைப்படுவது ஏலத்தில் வெல்லும் சாமர்த்தியமன்று. கழுவக் கழுவக் கிழியாத உடையும், அதனை நியாய விலைக்குத் தொட்டுப் பார்த்து வாங்கும் கடையும், அதனை வாங்கப் போதிய கூலியுமே அவருக்குத் தேவை. இம்மூன்றையும் கேளாது ஏலத்தைக் காட்டுவோர், அடகு வைத்த மேலங்கியை எண்ணிக் குளிரில் நடுங்குபவருக்குச் சிக்கனத்தின் மேன்மையை எடுத்துரைப்போராவர்.