இலைச் சீட்டில் உங்கள் வீட்டுக் கையெழுத்து, அண்ணே!

"எல்லாம் மீனாட்சி புண்ணியம், கல்யாணம் குறையில்லாம முடிஞ்சிருச்சு" என்று மண்டபத்து வாசலில் நின்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னீர்களே அண்ணே, என் பாக்கியையும் அந்த மீனாட்சியே கொடுத்துவிடுவாள் என்று இருந்துவிட்டீர்களா?

3,40,000 ரூபாய். தை முகூர்த்தத்தில் உங்கள் மகள் கழுத்தில் தாலி ஏறியது. இப்போது ஆனி. இன்னமும் "ஆகட்டும் தாயி, பார்ப்போம்" என்கிறீர்கள். அதுவும் போனை எடுத்தால்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் உங்களுக்கு யார்? "நீ நம்ம வீட்டுப் பிள்ளை, உன் கையில விட்டுட்டேன்" என்றீர்கள். மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட்டு வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் கேட்டதை மனைவியிடம் சொல்லப் பயந்து என்னிடம்தான் சொன்னீர்கள். முகூர்த்தத்தன்று விடியுமுன் நாதஸ்வரக்காரர் வந்த வேன் மேலூர் பக்கம் மக்கர் பண்ணி நின்றது. என் தம்பி கார் எடுத்துப் போய் ஆட்களையும் தவிலையும் ஏற்றி வந்தான். கெட்டிமேளம் நேரத்துக்கு முழங்கியது. இந்தச் சங்கதி இன்றுவரை உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தானே எங்களுக்குக் கூலி?

மறுநாளே வீட்டுப் பிள்ளை வெறும் காண்ட்ராக்டர் ஆகிவிட்டாள். குறைப் பட்டியல் வந்தது. காபி ஆறிப்போச்சாம். மேடையில் பூ குறைச்சலாம். இலை இத்தனை விழுந்திருக்கவே முடியாதாம்.

காபியை விடுங்கள். பூவுக்கு வருகிறேன். ஐப்பசியில் நாம் பேசி முடித்தபோது மல்லிகை விலை என்ன, தையில் என்ன? பனியில் வரத்து குறைந்து முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் மாட்டுத்தாவணியில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டும் என்பது மதுரையில் பிறந்த யாருக்கும் தெரியும். தாண்டியது. பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டேனா? கைக்காசைப் போட்டு வாங்கினேன். நீங்கள் போனில் காட்டிய மேடைப் படத்தில் முக்கால்வாசி பிளாஸ்டிக் பூ, அண்ணே. நான் கட்டியது அத்தனையும் பறித்த பூ. பறித்த பூ சாயங்காலம் வாடத்தான் செய்யும்.

இலைக் கணக்குதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. 800 இலை என்று பேசினோம். மூன்றாம் பந்தியிலேயே அது தாண்டிவிட்டது. "இல்லைன்னு சொல்லிராத தாயி, மானம் போயிரும்" என்று சமையல்கட்டு வாசலுக்கே வந்து சொன்னது நீங்கள். மாஸ்டர் மறுபடி உலை வைத்தார். பக்கத்துத் தெரு மளிகைக்காரரை எழுப்பி அரிசி எடுத்தோம். கடைசிப் பந்திக்கும் பாயசம் இருந்தது. மொத்தம் 1,140 இலை. ஒவ்வொரு பந்தி முடிந்ததும் உங்கள் தம்பி எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் ரசம் சிந்தி ஓரமெல்லாம் மஞ்சள் படிந்திருக்கிறது. கையெழுத்து அழியவில்லை. அதைக் காட்டினால், "அவன் விவரம் தெரியாதவன்" என்கிறீர்கள். விவரம் தெரியாதவரையா மொய் எழுத உட்காரவைத்தீர்கள்?

பணம் கேட்டு உங்கள் கடைக்கே வந்தேன். "ஆம்பளை யாராச்சும் இருந்தா வரச் சொல்லு, பேசிக்கலாம்" என்றீர்கள். அட்வான்ஸை என் கையில்தானே கொடுத்தீர்கள்? அப்போது ஆம்பளை தேவைப்படவில்லையே!

நீங்கள் தராததால் நான் யாருக்கும் தராமல் இருந்துவிட முடியுமா? பரிமாறிய பையன்கள் காலேஜில் படிக்கிறவர்கள். அன்று ராத்திரியே கூலி வாங்கிப் போனார்கள். அண்டா கழுவிய அக்காக்களிடம் "ஆகட்டும், பார்ப்போம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் வளையல்கள் அடகுக்குப் போயின, வட்டி ஓடுகிறது. இன்னொரு கூத்தையும் கேளுங்கள். பில் போட்டுவிட்டால் பணம் வந்தாலும் வராவிட்டாலும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கட்டியாக வேண்டும். நீங்கள் கொடுக்காத பணத்துக்கு நான் அரசாங்கத்துக்கு வரி கட்டியிருக்கிறேன்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் சாய்கிறது. என் வேலையில் குறை என்றால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வக்கீல்கூட வேண்டாம். கூலி வராத நான் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கோர்ட் கட்டணம், வக்கீல் பீஸ், வாய்தாவுக்கு மேல் வாய்தா. 3 வருஷத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் அந்த வழியும் அடைபடும். அதைத் தெரிந்துகொண்டுதான் ஆகட்டும், ஆகட்டும் என்று இழுக்கிறீர்களா?

நஷ்டம் எனக்குப் புதிதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். குறித்துவைத்த முகூர்த்தமெல்லாம் கலைந்தது. அப்புறம் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள். வாங்கிய அட்வான்ஸை நகை வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். ஊரே முடங்கிக் கிடந்த நேரம், யாரை நோவது? அதைத் தாங்கிக்கொண்டேன். இது அப்படியா? என் உழைப்பைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, உங்கள் அக்கா மகனை விட்டு "ஏமாத்துக்காரி" என்று ஊரறிய எழுதவும் வைத்தீர்களே, இதை எப்படித் தாங்குவது? ஆவணிக்குப் பேசியிருந்த ஒரு வீட்டார் அதைப் படித்துவிட்டுக் கழன்றுகொண்டார்கள். அது உங்கள் பாக்கியில் சேராதா?

தொழிலை விடப்போவதில்லை. கறார்தான் கூடியிருக்கிறது. முழுப் பணமும் மாப்பிள்ளை அழைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும், கூடுதல் இலைக்குப் பந்தி எழுமுன் காசு. போன வாரம் ஒரு பெண்ணின் அப்பா, பார்க்க உங்களைப் போலவே நல்ல மனிதர், இதைக் கேட்டதும் முகம் சுருங்கி, "எங்க மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.