ராத்திரியில் பேட்டரியைக் குடித்தது யார்?

செப்டம்பர் மாதம், நள்ளிரவு மணி 2.40. திண்டுக்கல்லில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரின் வீடு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு வலி எடுத்துவிட்டது. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர, அப்பா காரில் ஏறி சாவியைத் திருகினார். 'டிக்... டிக்... டிக்...' அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்குகள் ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்துபோயின.

எதிர் வீட்டுக்காரர் கட்டிய லுங்கியோடு ஓடிவந்து தன் காரை எடுத்தார். விடிவதற்குள் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். ஆனால், வாசலில் மகள் வலியோடு நின்ற அந்தப் பத்து நிமிடம் ஆசிரியரை விடவில்லை. பேட்டரி மாற்றி மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லையே!

ஜூன் மாதம் முதன்முறையாக கார் படுத்தது. "பழைய பேட்டரி சார், மாத்திடுங்க" என்றார்கள். மாற்றினார். ஜூலையில் புதுசும் படுத்தது. ஆகஸ்ட்டில் மறுபடியும். பேட்டரி கடையில் சார்ஜ் ஏற்றி, டெஸ்ட் செய்து, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மெக்கானிக், "ஆல்டர்னேட்டரை மாத்திப் பார்ப்போமா?" என்றார். இந்த 'மாத்திப் பார்ப்போம்'தான் பலருடைய பர்ஸைக் காலி செய்கிற வார்த்தை. நல்லவேளை, ஆசிரியர் தலையாட்டவில்லை.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனை வீட்டுக்கே வரவழைத்தார். வந்தவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேள்வி கேட்டார்.

"எப்பலேருந்து சார் இப்படிப் படுத்துது?"

"ஜூன்லேருந்துப்பா."

"அதுக்கு முன்னாடி?"

"ஒருநாளும் மக்கர் பண்ணதில்ல. தினம் ஸ்கூலுக்குப் போக வர அம்பது கிலோமீட்டர் ஓடும். மே மாசம் ரிட்டயர் ஆனேன். இப்ப வாரத்துக்கு ஒரு நாள் எடுத்தா அதிசயம்."

"புதுசா ஏதாவது மாட்டினீங்களா?"

"இல்லையேப்பா."

கடைசி பதில் தவறு என்பது அப்போது ஆசிரியருக்கே தெரியாது.

எலெக்ட்ரீஷியன் முதலில் ஆல்டர்னேட்டரைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தார். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்கு வந்துவிட்டால் பாதி காலி. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று அர்த்தம். இந்தக் காரில் 14.2. ஆக, சார்ஜ் ஏறுகிறது. ஏறிய சார்ஜ் எங்கேயோ போகிறது.

பூட்டி நிறுத்திய கார் முழுசாகத் தூங்குவதில்லை. கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு... இவற்றுக்கெல்லாம் துளித்துளியாக மின்சாரம் வேண்டும். பொதுவாக 20 முதல் 50 மில்லிஆம்பியர். இது திருட்டில் சேராது, வீட்டுச் செலவு. அதற்கு மேல் போனால்தான் ஆளைத் தேட வேண்டும்.

தேடுவதற்கு ஒரு மல்டிமீட்டரும் நிறைய பொறுமையும் போதும். அவர் காரின் எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்தார். டிரைவர் கதவைத் திறந்தே வைத்து, கதவின் பூட்டு நாக்கை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடினார். கதவு சாத்தியிருக்கிறது என்று கார் நம்பிவிடும், உள்ளே இருக்கும் ஃப்யூஸ் பாக்ஸை அவர் எட்டவும் முடியும். பானெட்டின் லாக்கையும் அப்படியே. பிறகு ரிமோட்டில் பூட்டி, "சாவியை வீட்டுக்குள்ள கொண்டு வெச்சிடுங்க சார்" என்றார்.

10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். எப்போதும் நெகட்டிவ்தான் முதலில். பாசிட்டிவைத் தொட்டுக் கழற்றும்போது ஸ்பேனர் கார் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரைப் பாலம் மாதிரி இணைத்தார். இப்போது காருக்குள் போகும் ஒவ்வொரு சொட்டும் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

மீட்டர் 2 ஆம்பியருக்கு மேல் காட்டியது. "அடேயப்பா!" என்றார் ஆசிரியர். "அவசரப்படாதீங்க சார், வண்டி இன்னும் முழிச்சுக்கிட்டு இருக்கு." இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வயரைக் கழற்றி மாட்டியதும் காரின் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும். அவை திரும்பத் தூங்க 20 நிமிடம் ஆகலாம், சில கார்களில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். டீ வந்தது. குழந்தை அழுதது, தூங்கியது. அரை மணி நேரம் கழித்து மீட்டர் 0.34 ஆம்பியரில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவேயில்லை.

கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய பேட்டரி 35 ஆம்பியர்-மணி. 0.34-ஆல் வகுத்தால் 103 மணி நேரம். நாலு நாளில் மொத்தமும் காலி. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே மூச்சில் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும் என்பதால், பாதிக்கு மேல் இறங்கினாலே பேட்டரி திணறும். அதாவது இரண்டு நாள் சும்மா நின்றாலே தகராறு ஆரம்பம்.

அப்படியானால் மே வரைக்கும் எப்படி ஓடியது? ஒரு ராத்திரியில் போனதை மறுநாள் அம்பது கிலோமீட்டர் ஓட்டம் ஈடுகட்டிவிட்டது. ஓட்டை ஜனவரியிலிருந்தே இருந்தது. பள்ளிக்கூடம் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வேலை, எந்தப் பாதையில் கசிகிறது என்று பார்ப்பது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டர் எப்போது இறங்குகிறது என்று பார்ப்பது பழைய வழி. புது கார்களில் அதில் ஒரு சிக்கல்: பிடுங்கிய ஃப்யூஸைத் திரும்பச் செருகினால் தூங்கிய கம்ப்யூட்டர் எழுந்துவிடும், மறுபடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் அவர் இன்னொரு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே வந்தார். மின்சாரம் ஓடாத ஃப்யூஸ் பூஜ்யம் காட்டும். ஓடினால் துளியாவது எண் வரும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஃப்யூஸில் எண் வந்தது. அதை மட்டும் பிடுங்கினார். 0.34 சட்டென்று 0.03 ஆனது.

அந்த ஃப்யூஸிலிருந்து ஒரு கிளை வயர் மேலே ஏறியது. கண்ணாடி ஓரத்து பீடிங்குக்குள் ஒளிந்து போய், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சின்ன கேமராவில் முடிந்தது.

"இது எப்ப சார் போட்டீங்க?"

"அதா... பொங்கலுக்கு வந்தப்ப பையன் மாட்டிவிட்டான்பா. பெங்களூர்ல இருக்கான். 'தனியா ஓட்டுறீங்க, ஒரு பாதுகாப்பு இருக்கட்டும்ப்பா'ன்னான்."

கார் நிற்கும்போதும் படம் பிடிக்கும் 'பார்க்கிங் மோட்' உள்ள கேமரா அது. அதற்காக, எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃப்யூஸில் இணைத்திருந்தார்கள். பேட்டரி இறங்கினால் தானாகத் துண்டிக்கும் கருவியை வைக்கவில்லை. திரை அணைந்தே இருந்ததால் அது விழித்திருப்பது யாருக்கும் தெரியவில்லை. மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தால் பால்காரரும் பக்கத்து வீட்டுப் பூனையும்தான் மணிக்கணக்கில் இருந்தார்கள்.

உங்கள் காரில் கேமராவே இல்லாமல் இருக்கலாம். வெளியே வயரிங் செய்த ஸ்டீரியோ, ஜிபிஎஸ் டிராக்கர், பிடித்துக்கொண்ட ரிலே, சில கார்களில் எப்போதும் உயிரோடு இருக்கும் சார்ஜர் சாக்கெட் என்று பட்டியல் நீளம். எல்லா ஃப்யூஸையும் பார்த்த பிறகும் கசிவு குறையவில்லை என்றால், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடைச் சந்தேகிக்கலாம். அதன் தடிமனான வயர் பல கார்களில் இந்த ஃப்யூஸ்கள் வழியாகப் போவதில்லை. டிக்கி விளக்கு அணைகிறதா என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம். போனில் வீடியோ ரெக்கார்டிங்கை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள். மூடியதும் படம் இருட்டாக வேண்டும். இருட்டாகவில்லை என்றால் ஆள் சிக்கிவிட்டார். கிளவ் பாக்ஸ் விளக்குக்கும் இதே வழிதான்.

வீட்டிலேயே மீட்டர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருகவோ, ஹெட்லைட் போடவோ கூடாது. 10 ஆம்பியர் தாண்டினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும், மலிவான மீட்டர் என்றால் மீட்டரே போய்விடும். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் கையே போகக் கூடாது.

எலெக்ட்ரீஷியன் கேமராவைக் கழற்றவில்லை. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃப்யூஸுக்கு அந்தக் கிளை வயரை மாற்றினார். பேட்டரியை இரவு முழுக்க மெதுவாக சார்ஜ் ஏற்றச் சொன்னார். மூன்று முறை அடியோடு இறங்கியதில் மூன்று மாதக் குழந்தைக்கு மூன்று வயதாகிவிட்டது என்று சிரித்தார். சொன்னது பேட்டரியைத்தான்.

அன்று இரவு பையனுக்குப் போன் செய்தபோது ஆசிரியர் கேமரா பேச்சையே எடுக்கவில்லை. "ஒரு வயரு லூஸா இருந்துச்சுடா" என்று முடித்துக்கொண்டார்.

நவம்பர் முதல் வாரம், பேத்திக்கு 45-ஆம் நாள் தடுப்பூசி. அதற்கு முந்தைய ஐந்து நாளும் அடைமழை. கார் போர்ட்டிகோவை விட்டு நகரவில்லை. மகள் குழந்தையோடு பின்சீட்டில் உட்கார, எதிர் வீட்டுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று தன் கார் சாவியோடு வாசலில் நின்றார். ஆசிரியர் சாவியைத் திருகினார். ஒரே திருகு.