தாய்ப்பாஷை இரத்தத்தில் இருக்கிறதா?

"தாய்ப்பாஷை தாய்ப்பாலோடு வருவது, இரத்தத்தில் ஊறியது, உயிருள்ளவரை மறக்காது" என்று மேடைதோறும் சொல்லப்பட்டு வருகிறது. இப்படிச் சொல்லுகிறவர்களே, வெளிதேசத்துக்குப் பிழைக்கப்போய்ப் பத்திருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தவன் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால், "திமிர் பிடித்தவன், பாஷையை மறந்தவன் போல் நடிக்கிறான்" என்று ஏசவும் செய்கிறார்கள். இரத்தத்தில் ஊறியதானால் அவன் எப்படி மறந்தான்? அவன் மறந்தது உண்மையானால் அது இரத்தத்தில் ஊறியது என்பதற்கு அர்த்தமென்ன? இந்த இரண்டு கேள்விகளையும் யாரும் சேர்த்துக் கேட்பதில்லையாதலால் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

கொரியா தேசத்தில் பிறந்து, மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் பிரஞ்சுக் குடும்பங்களால் சுவீகாரம் எடுத்து வளர்க்கப்பட்ட சிலரை, அவர்கள் பெரியவர்களான பிறகு பிரஞ்சு ஆராய்ச்சியாளர்கள் பரீட்சித்து, முடிவை 2003ல் வெளியிட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளை என்றால் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவர்களுக்குக் கொரிய வாக்கியம் எது, முன்பின் கேட்டறியாத வேறு பாஷை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூளையைப் படம் பிடித்துப் பார்த்ததிலும் வித்தியாசம் தென்படவில்லை. இரத்தம் கொரிய இரத்தம்தான். முகமும் கொரிய முகம்தான். பாஷை எங்கே போயிற்று?

மற்றொரு சோதனையையும் மறைக்காமல் சொல்லுவோம். சீன தேசத்தில் பிறந்து, ஏறக்குறைய ஒரு வயதில் சுவீகாரமாகிக் கனடாவில் பிரஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த பெண்களைப் பற்றியது அது, 2014ல் வெளிவந்தது. அவர்களுக்குச் சீனம் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆயினும் சீன பாஷையின் ஏற்ற இறக்க ஓசைகளைக் கேட்கும்போது, அவர்கள் மூளை சீனம் பேசுகிறவர்களின் மூளையைப் போலவே வேலை செய்ததாம். இதைக் கண்டதும் இரத்தவாதிகள் கை தட்டக்கூடும். ஆனால் இரத்தம் பாஷையைக் காப்பாற்றுமானால் ஓசையோடு அர்த்தத்தையுமல்லவா காப்பாற்றியிருக்க வேண்டும்? மிஞ்சியது முதல் வருஷத்தில் காதில் விழுந்த ஓசையின் தடம் மாத்திரமே. அதை இட்டது காது, இரத்தமல்ல.

குழந்தைகள்தான் மறக்கும், பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொல்ல முடியாது. சுமார் பன்னிரண்டு வயதுக்குப் பின் இடம் மாறினவர்களுக்குப் பாஷை அடியோடு போவதில்லை என்பது மெய்யே. ஆனால் மாறாமலும் இருப்பதில்லை. சிக்காகோவில் நெடுநாள் வாழ்ந்த பிரஞ்சுக்காரரின் பிரஞ்சு உச்சரிப்பு ஆங்கிலத்தின் பக்கமும், பாரிஸில் வாழ்ந்த அமெரிக்கரின் ஆங்கில உச்சரிப்பு பிரஞ்சின் பக்கமும் சாய்ந்துவிட்டதை 1987லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். இவர்களில் யார் திமிர் பிடித்தவர்கள்?

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு ஓடி, ஆங்கிலம் பேசும் தேசங்களில் குடியேறிய யூதர்களின் ஜெர்மன் பேச்சை மோனிக்கா ஷ்மிட் என்ற அம்மையார் ஆராய்ந்து 2002ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். எத்தனை வயதில் போனார்கள், எத்தனை வருஷமாயிற்று என்பவற்றைவிட, எவ்வளவு கொடுமைக்கு ஆளான பின் போனார்கள் என்பதே பாஷை நிற்பதையும் தேய்வதையும் நிர்ணயித்ததாக அவர் கண்டார். 1935க்கு முன் போனவர்களுக்கு ஜெர்மன் நன்றாகவே நின்றது. 1938 நவம்பர் படுகொலைகளையும் கண்டுவிட்டுப் போனவர்களுக்கு அதிகமாகத் தேய்ந்தது. அதாவது, தன்னை மனிதனாக மதியாதவனுடைய பாஷை தன் வாயிலும் தங்க மறுக்கிறது.

அவமானம் பாஷையைக் கொல்லும் என்பது ஹிட்லர் தேசத்துக்கு மட்டுமா பொருந்தும்? கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையின் பேச்சைக் கொச்சை என்று பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள். பிள்ளை முதலில் பள்ளிக்கூடத்தில் வாயை மூடுகிறது. பிறகு வீட்டிலும் மூடுகிறது. பெற்றோர் கேட்பதெல்லாம் புரியும். பதில் மட்டும் வேறு பாஷையில் வரும். மூத்தது பள்ளிக்கூடத்துப் பாஷையை வீட்டுக்குள் கொண்டுவர, இளையதற்கு அந்தப் புரிதலும் குறைகிறது. கடைசியில் பாட்டி தன் வயிற்றுவலியைப் பேத்தியிடம் சொல்ல, நடுவில் ஒரு ஆள் தேவைப்படுகிறது. இதைவிட ஒரு குடும்பத்துக்கு வேறு நஷ்டம் என்ன வேண்டும்?

சர்க்கார் கொடுக்கும் பட்டம் இதைத் தடுத்துவிடுமா என்றால், சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே அரசாங்க பாஷைகள் நான்கில் தமிழும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் தமிழ் உண்டு. அப்படியிருந்தும் அங்குள்ள இந்தியர்களில் வீட்டில் தமிழையே அதிகமாகப் பேசுவோர் 2000ம் வருஷக் கணக்கில் நூற்றுக்குச் சுமார் 43 பேராக இருந்து, 2020ல் சுமார் 27 பேராகக் குறைந்துவிட்டார்கள். ஆங்கிலம் பேசுவோர் நூற்றுக்கு 59க்கு ஏறிவிட்டார்கள்.

ஆகவே பாஷை தெய்வமுமல்ல, இரத்தமுமல்ல, பழக்கம். பழகினால் நிற்கும், பழகாவிட்டால் போகும், பரிகசித்தால் சீக்கிரம் போகும். பாஷைக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டுகிறவன் வீட்டில் பிள்ளையோடு அந்தப் பாஷையில் பேசவில்லையானால் அந்தக் கற்பூரத்தால் என்ன பயன்? இரண்டு பாஷை தெரிந்த பிள்ளைக்கு மூளை குழம்பும் என்று பயப்படவும் காரணமில்லை. உலகத்தில் ஏராளமான ஜனங்கள் இரண்டு பாஷைகளோடுதான் வாழ்கிறார்கள்.

அடுத்த முறை வெளிதேசத்திலிருந்து வந்த பிள்ளை தப்பும் தவறுமாகத் தமிழில் ஒரு வார்த்தை சொன்னால், தோழர்களே, சிரிக்காதீர்கள், பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலில்தான் பாஷை பிழைக்கிறது.