அருவருப்பு ஒரு வாதமாகுமா?

கழிவுநீரைத் தூய்மையாக்கிப் பருகுவதா எனப் பலர் முகம் சுளிக்கின்றனர். வறண்ட நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக் 1968-லேயே இப்பணியைத் தொடங்கி, இன்றும் தன் குடிநீரில் ஒரு பகுதியை இவ்வாறே பெறுகிறது. ஓசோன், கரி வடிகட்டி, சவ்வு வடிகட்டி, குளோரின் எனப் பல படிகளைக் கடந்து, சோதனையில் தேறிய பின்னரே அந்நீர் குழாயை அடைகிறது. ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரமோ, கடும் வறட்சியிலும் 2006-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் இத்திட்டத்தை நிராகரித்தது. அருவருப்பு அங்கே அறிவை வென்றது.

மேலூர் ஆற்றில் கழித்ததைக் கீழூர் இறைத்துக் குடிப்பது காலங்காலமாக நடப்பதுதானே? அதற்குக் கூசாத நாம், முறையாகத் தூய்மைப்படுத்திய நீருக்கா கூசுவது? செல்வர்க்குப் புட்டிநீர் உண்டு. நம் முகச்சுளிப்புக்கு விலை கொடுப்பவள் வெறுங்குடத்துடன் நிற்கும் ஏழைத்தாயே. நீரிடம் நாம் கேட்கவேண்டியது 'தூயதா?' என்பதே, 'எங்கே பிறந்தாய்?' என்பதன்று.