பண்ணைப் பட்டறைக்கு ஏற்ற ரம்ப மேசை

கோழிக் கூண்டு, தேனீப் பெட்டி, தானியப் பெட்டி முதலியவற்றைத் தம் பண்ணையிலேயே செய்துகொள்ள விரும்பும் மிராசுதார்கள் பலர். இவ்விருப்பம் மெச்சத்தக்கதே. ஆயினும், ரம்ப மேசை வாங்கப் புகுவோர் மோட்டாரின் குதிரைச் சக்தியையும் விலையின் மலிவையும் மாத்திரம் விசாரித்தல் பெருந்தவறாகும். அம்மேசை கைவிரல்களைக் காக்குமா என்பதே முதலில் விசாரிக்கத்தக்கது.

10 அங்குல ரம்பம் நிமிஷத்திற்கு 4000 சுற்றுச் சுழலுமாயின், அதன் பற்கள் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. நன்கு உலராத பலகை, அறுபடும்போதே வாய் மூடி ரம்பத்தின் பின்புறத்தைக் கவ்வுவதுண்டு. பின்புறப் பற்கள் மேல்நோக்கி எழுவன. ஆதலின் அவை பலகையைத் தூக்கி, ஆள் நிற்கும் திசையில் எறியும். அப்போது கையும் ரம்பத்தின்மேல் இழுபடும். இதனைத் தடுப்பது, ரம்பத்தின் பின்னே நின்று, அறுத்த வாய் மூடாதபடி காக்கும் சிறு தகடு. ரம்பத்துடன் அதுவும் ஏறி இறங்குதல் நலம். இத்தகடும் மேல்மூடியும் இல்லாத மேசை எவ்வளவு மலிவாயினும் வாங்கத்தக்கதன்று. மரச் சட்டத்தில் பழைய மோட்டாரைப் பூட்டி ஓட்டுவதும் அத்தகையதே.

இரண்டாவதாக, பலகை அணைந்து செல்லும் வழிகாட்டிச் சட்டத்தைச் சோதிக்க வேண்டும். அது ரம்பத்திற்கு முன்னும் பின்னும் ஒரே தூரத்தில் அசையாது நிற்றல் அவசியம். பின்புறம் ஒரு நூல் நெருங்கினாலும் பலகை இறுகும். தேனீப் பெட்டியின் அளவும் பிசகும்.

பண்ணை வேலைக்கு ஒன்றரை முதல் இரண்டு குதிரைச் சக்தி போதும். 10 அங்குல ரம்பம் சுமார் 3 அங்குலக் கனம் வரை அறுக்கும். நீளவாட்டில் அறுக்க 24 பற்களும், குறுக்கே அறுக்க 60 பற்களும் உள்ள ரம்பங்கள் ஏற்றவை. உருண்டை மரத்தை மர அறுவை ஆலைக்கே அனுப்புதல் வேண்டும். பம்பு செட்டிற்கென அளிக்கப்பட்ட இலவச மின்சாரத்தில் இதனை ஓட்டுதல் முறையன்று என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துரைப்பது நன்று.

தச்சர்கள் பலர் தகடின்றியே அறுக்கின்றனரே எனச் சிலர் வினவலாம். நாள்தோறும் அத்தொழில் செய்வோரின் பழக்கம் வேறு. உழவு ஓய்ந்த வேளையில் மாதம் இருமுறை ரம்பத்தருகே செல்வோரின் நிலை வேறு. பழகிய தச்சருள்ளும் விரலிழந்தோர் உண்டு. விலை மிகுதி என அஞ்சுவோர், தனித்தனியே மட்டமானவற்றை வாங்காமல், அண்டை நிலத்தார் நால்வர் கூடி நல்லதொன்றை வாங்கலாம். வாங்கியபின் தோள் துண்டைக் களைந்து, தள்ளு கட்டையைக் கொண்டே பலகையைத் தள்ளுக. அறுபட்ட பலகைக்குப் பதில் வேறு பலகை கிடைக்கும். ஏர் பிடிக்கும் கைக்கு மாற்றுக் கை கிடையாது.