மண்ணைத் தொடாமலே மண்ணைப் பற்றிப் பாடமா?

2004 டிசம்பர் 26. தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரை. கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்ததும் இது சுனாமிதான் என்று பெற்றோரிடம் அடித்துச் சொன்னாள் 10 வயது பிரிட்டன் சிறுமி டில்லி ஸ்மித். சுமார் 100 பேர் தப்பினார்கள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்த பாடம்தான் காரணம்!

அதே நாளில் நாகையில் நாம் இழந்த உயிர்கள் ஆயிரக்கணக்கில். இன்றைக்கும் நம்ம பிள்ளைங்க நிலநடுக்கத்தை வரையறையா மனப்பாடம் பண்ணி 2 மார்க் வாங்குறாங்க. அவ்வளவுதான்.

ஆசிரியர்களைக் குறை சொல்லலை தோழர்களே. வரலாறு படிச்சு வந்தவரும் புவியியல் நடத்தணும். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஸ்லைடு ஓட்டி, கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்பினா அது பயிற்சியா?

பிள்ளைகள் செய்யப்போகும் சோதனையை ஆசிரியர் முதலில் தன் கையால் செய்து பார்க்கணும். ஒரு பாட்டிலில் கூழாங்கல், மணல், களிமண், தண்ணீர் போட்டுக் குலுக்கி வையுங்க. கல் அடியில், களிமண் மேலே என்று அடுக்கடுக்காகப் படியும். பாறை அடுக்கு உருவாகும் விதம் புரிந்துவிடும். செலவு? ஒரு காலி பாட்டில்!

அடுத்து பெரம்பலூர் மாவட்டம் காரைக்குக் கூட்டிட்டுப் போங்க. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். அதன் உயிரினங்கள் இன்று கல்லாகக் கிடக்கின்றன. பக்கத்திலேயே சாத்தனூர் கல்மரம்.

ஆய்வகம் நம்ம காலடியில் இருக்கு. ஆசிரியருக்குச் செய்முறைப் பயிற்சி கொடுங்கள் என்பதே நம் கோரிக்கை.

உங்க ஊர்ப் பள்ளியில் புவியியல் எப்படி நடக்குது? கமெண்டில் சொல்லுங்க. பகிருங்கள்!

#செய்துகற்போம் #ஆசிரியர்பயிற்சி